சிறு கட்டிக்குப் பெருந்தொலைவு வேண்டுமா?

சீழ்க்கட்டி, வெட்டுக்காயம், சதைக்குள் வளரும் கால் நகம் ஆகியவற்றிற்காக மலையூர்களிலிருந்து தருமபுரி வரை வருவோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று தள்ளிப்போட்டு, சீழ் பரவிய பின் வருவோரும் உளர். சர்க்கரை நோயாளிக்கு அத்தாமதம் காலையே இழக்கச் செய்யலாம்.

இவற்றுள் பலவற்றிற்கு அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியே போதும். பயிற்சி பெற்ற மருத்துவரும் தொற்று நீக்கிய கருவிகளும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிகிச்சை பெற்று அன்றே வீடு திரும்பலாம். அரூரை அடுத்த சிட்லிங்கியில் 1993-இல் மருத்துவர்கள் ரெஜி, லலிதா இணையர் ஒரு குடிசையில் பணி தொடங்கினர். இன்று அங்கு அறுவை அரங்குடன் மருத்துவமனை இயங்குகிறது.

எனினும், மார்பகக் கட்டி, விரைந்து வளரும் கட்டி, நெடுநாள் ஆறாத புண் ஆகியவற்றிற்குப் பெரிய மருத்துவமனையே ஏற்றது. சர்க்கரை நோய், மருந்து ஒவ்வாமை, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை ஆகியவற்றை முன்னரே மருத்துவரிடம் கூறுங்கள்; மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள்.

சிகிச்சைக்குப் பின் காய்ச்சலோ, வீக்கமோ, சீழோ தோன்றினால், தையல் பிரிக்கும் நாள்வரை காத்திராமல் உடனே வாருங்கள்.