நம் காலடிச் செடிகள்

'திருவல்லிக்கேணி' என்று முகவரி எழுதும்போதெல்லாம் நாம் ஒரு செடியின் பெயரையும் சேர்த்தே எழுதுகிறோம். அல்லி பூத்த கேணி இருந்த ஊர் இது. பார்த்தசாரதி கோயில் குளத்திற்குக் கைரவிணி என்று பெயர். கைரவம் என்றாலும் வடமொழியில் அல்லிதான். ஆனால் அல்லி எது, தாமரை எது என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். தாமரையின் முதிர்ந்த இலை தண்ணீருக்கு மேலே எழுந்து குடைபோல் நிற்கும். இலை முழு வட்டமாக இருக்கும். அல்லியின் இலையோ நீர்மேல் படுத்துக் கிடக்கும். காம்பு சேருமிடத்தில் ஒரு வெட்டு இருக்கும். வெள்ளை அல்லி இரவில் மலர்ந்து மறுநாள் முற்பகலில் கூம்பிவிடும்.

நாங்கள் தேடிய வரையில் இந்தப் பேட்டையில் ஓர் அல்லியும் கிடைக்கவில்லை. ஊருக்குப் பெயர் தந்த செடியே போய்விட்டதென்றால் மற்றவை என்ன ஆயின? இந்தக் கேள்வியோடுதான் பத்தாம் வகுப்பு மாணவியர் எண்மர், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சனிக்கிழமைகளில், அறிவியல் ஆசிரியையுடன் நடக்கத் தொடங்கினோம். பையில் பழைய செய்தித்தாள், நூல், ஒரு பூதக்கண்ணாடி. வேறொன்றும் தேவைப்படவில்லை.

காட்டுச்செடி என்றதும் காட்டுக்குப் போக வேண்டும் என்று எண்ண வேண்டாம். யாரும் விதைக்காமல், நீர் ஊற்றாமல் தானே வளர்வது காட்டுச்செடி. சுவர் விரிசல், நடைபாதை ஓரம், பக்கிங்ஹாம் கால்வாய்க்கரை, இடித்துப் போட்ட வீட்டு மனை ஆகியவையே அதன் காடு. காகம் போட்ட எச்சத்திலிருந்து மூன்றாம் மாடிச் சுவரில் அரசங்கன்று முளைப்பதை நாம் தினமும் பார்க்கிறோம் அல்லவா?

ஜாம்பஜார் போகும் வழியிலேயே குப்பைமேனி கிடைத்தது. இதன் வேரைப் பிடுங்கினால் பூனைகள் வந்து மோந்து புரளும். அதனால் பூனைவணங்கி என்றும் இதற்குப் பெயர். தரையோடு படரும் மூக்கிரட்டையின் பூ மிளகை விடச் சிறியது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அதன் இளஞ்சிவப்பு எங்களை வியக்க வைத்தது. வெள்ளைத் தும்பைப் பூவை இழுத்து அடியில் உறிஞ்சினால் ஒரு துளி தேன் உண்டு. நெருஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதன் ஐந்து மஞ்சள் இதழ்களை யாரும் நினைவில் வைப்பதில்லை. முள்ளை மட்டும் நம் செருப்புகள் நன்கு அறியும்!

எங்களை அதிக நேரம் நிற்க வைத்தது எருக்கு. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலையாகத் தெருவில் விற்கும் அதே பூதான். ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். அது கண்ணில் பட்டால் மிகவும் கெடுதல் என்பதால் ஆசிரியை எங்களைத் தொட விடவில்லை. ஆனால் அந்த இலையின் அடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளுடன் ஒரு புழு நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது. ஆரஞ்சுச் சிறகும் கறுப்பு விளிம்பும் உள்ள ஒரு பட்டாம்பூச்சியின் புழு அது. எருக்கின் நஞ்சு அதன் உடலில் தங்கிவிடுவதால் பறவைகள் அதை உண்ணத் தயங்கும். பெரிய கருவண்டுகள் வந்து பூவின் மகரந்தத்தைக் காலில் மாட்டிக்கொண்டு போகின்றன. காய் வெடித்ததும் விதைகள் வெள்ளைப் பஞ்சுடன் பறக்கும். சிறுவயதில் நாம் 'தாத்தாப்பூச்சி' என்று துரத்தியது இதைத்தான். யாரும் விரும்பாத ஒரு செடி இத்தனை உயிர்களுக்கு வீடாக இருக்கிறது!

கடற்கரைக்குப் போனால் அடும்பு. இதன் இலை ஆட்டுக் குளம்பைப் போல் இரண்டாகப் பிளந்திருக்கும். கொடியின் கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைக் கட்டிப்போடும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களில் அடும்பும் உண்டு. ஆம்பல், ஆவிரை, தும்பை ஆகியவையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்துதான் மெரினா இவ்வளவு அகன்றது. அந்தப் புது மணலில் படர அடும்புக்குத் தெரிந்திருக்கிறது. இயந்திரம் கொண்டு சுத்தம் செய்யும் இடங்களில் மட்டும் அது இல்லை. குப்பையை அள்ளுகிற பல்லுக்குக் கொடி எது, காகிதம் எது என்று தெரியாது.

பச்சையாகத் தெரிவதெல்லாம் இந்த மண்ணுக்கு உரியதல்ல என்பது எங்களுக்குப் புதிய செய்தி. வெட்டுக்காயத்திற்குப் பாட்டிமார் கசக்கி வைக்கும் கிணற்றடிப் பூண்டு நடு அமெரிக்காவிலிருந்து வந்தது. உண்ணிச்செடியும் கால்வாயை மூடும் ஆகாயத்தாமரையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவுச் செடி. சீமைக்கருவேலத்தின் பெயரிலேயே 'சீமை' இருக்கிறது. வந்தவை எல்லாம் கெட்டவை என்று நாங்கள் சொல்லவில்லை. கிணற்றடிப் பூண்டில் தேனீக்கள் நிறைய வருகின்றன. ஆனால் ஆகாயத்தாமரை நீரை முழுதாக மூடிவிட்டால் அங்கே அல்லிக்கு வெளிச்சம் ஏது?

இவற்றை நமக்கு முன்பே பார்த்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். சென்னை நகரின் பூக்கும் தாவரங்களைப் பற்றி மயூரநாதன் என்பவர் எழுதிய நூலை அரசு அருங்காட்சியகம் 1929இல் வெளியிட்டது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரச் சேகரிப்பகத்தை அமைத்த அருட்தந்தை கே. எம். மாத்யூ, இயேசு சபைக் குரு, தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1981 முதல் 1983 வரை வெளியிட்டார். பழைய காட்டின் மிச்சத்தை நேரில் காண விரும்புவோர் கிண்டிக்குப் போகலாம். 1978இல் தேசியப் பூங்காவான அந்தக் காடு ஏறத்தாழ 270 ஹெக்டேர் பரப்புள்ளது.

எங்கள் பட்டியலில் இப்போது முப்பத்தொரு செடிகள் உள்ளன. அவற்றில் பதினேழு, ஒரே ஒரு காலி மனையில் கிடைத்தவை. பொங்கலுக்குக் காப்புக் கட்டச் சந்தையில் காசு கொடுத்து வாங்கும் சிறுபீளை அங்கே முழங்கால் உயரம் நின்றது. தை பிறப்பதற்குள் அந்த மனையில் அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். கட்டுவோருக்கு வீடு வேண்டும்; அதைக் குறை சொல்ல இயலாது. நாங்கள் முன்னதாகவே அங்கிருந்து சிறுபீளை, தும்பை விதைகளைக் காகித உறையில் சேர்த்து வைத்திருந்தோம்.

தலைமை அருட்சகோதரியிடம் பள்ளித் தோட்டத்தின் பின்சுவர் ஓரமாக மூன்று அடி அகல நிலம் கேட்டோம். "களையை வளர்க்கவா அனுமதி கேட்கிறீர்கள்?" என்று சிரித்தார். பிறகு ஓராண்டுக்கு அங்கே மண்வெட்டி போடக் கூடாது என்று தோட்டக்காரத் தாத்தாவிடம் சொல்லிவிட்டார். தாத்தாவுக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. ஆனாலும் தும்பை எது என்று எங்களுக்கு முன்பே அடையாளம் காட்டுபவர் அவரே. செடிகளின் பெயர்களை அட்டையில் எழுதி வைத்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் அடுத்த மழைக்குப் பட்டியலைத் தொடரலாம். செய்தித்தாளும் பூதக்கண்ணாடியும் ஆய்வுக்கூட அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ளன.