கணிப்பொறித் தம்புரா ஏன் மௌனமாயிற்று?

நெய்வேலி நகரியத்தில் ஒரு வீட்டில் விளக்கு அணைந்துபோனால், சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி தீர்ந்துவிட்டதோ என்று யாரும் அஞ்சுவதில்லை. முதலில் பல்பைப் பார்க்கிறோம்; பிறகு சுவிட்சை; பிறகு ஃபியூஸை. அடுத்த வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். நம்மை அறியாமலே நாம் செய்யும் இக்காரியம் ஓர் அறிவியல் ஆய்வேயாகும். கணிப்பொறியில் இசை நின்றுபோகும்போதும் இதே முறை கைகொடுக்கும்.

அந்நகரியத்தில் இசை பயிலும் மாணவி ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியை பாடிக்காட்டிய பாடங்களை நான்கு ஆண்டுகளாகத் தன் கணிப்பொறியில் பதிவு செய்து வைத்திருக்கிறாள். தம்புராவும் அதே கணிப்பொறியில் ஒரு மென்பொருளாக ஒலிக்கிறது. ஓரிரவு, ஆப்பரேட்டிங் சிஸ்டம் எனப்படும் இயக்க அமைப்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. மறுநாள் காலை தம்புரா பேசவில்லை. பாடங்கள் திறக்க மறுக்கின்றன. ஆசிரியையின் குரல் அழிந்தே போயிற்றா?

பெரும்பாலும் இல்லை. எப்படி என்று பார்ப்போம்.

ஒலி வரும் பாதை

சுரங்கத்தில் வாளிச் சக்கர எந்திரம் வெட்டிய நிலக்கரி கன்வேயர் பட்டைகளில் ஏறி, பங்கர் எனும் கிடங்கில் தங்கி, கொதிகலனில் எரிந்து, டர்பைனைச் சுழற்றி, மின்சாரமாகி நம் வீட்டை அடைகிறது. கணிப்பொறியில் இசையும் இப்படியே பல கை மாறி வருகிறது. இசை மென்பொருள் ஒலியை எண்களாக ஆக்குகிறது. வீணை, மிருதங்கம் போன்ற ஒலிகளைத் தரும் பிளக்-இன் என்னும் துணை மென்பொருள்கள் அதனுடன் சேருகின்றன. இயக்க அமைப்பு அந்த எண்களை வாங்கி, டிரைவர் என்னும் இயக்கி நிரலிடம் ஒப்படைக்கிறது. டிரைவர் அவற்றை ஒலிக்கருவிக்கு அனுப்ப, ஒலிபெருக்கி பேசுகிறது.

இவற்றை ஆக்கியவர்கள் வெவ்வேறு நிறுவனத்தார். நடுவிலுள்ள இயக்க அமைப்பு மட்டும் மாறி, மற்றவை பழையபடியே இருந்தால் எங்கோ ஓரிடத்தில் இணைப்பு பிசகுகிறது. தனியே விற்கும் மின்னணுச் சுருதிப்பெட்டியில் இத்தொல்லை இல்லை. அதன் உறுப்புகள் யாவும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒருமுறை அமைக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்று மட்டும் இரவோடிரவாக மாறிவிடுவதில்லை.

இலக்கம் போதாத முகவரி

கணிப்பொறியின் நினைவகத்தில் ஒவ்வோர் இடத்திற்கும் ஓர் எண் உண்டு. 0, 1 என்ற இரண்டே குறிகளால் 32 இலக்கத்தில் எழுதினால் 4,294,967,296 இடங்களுக்கு எண் கொடுக்கலாம். இதுவே 4 ஜிகாபைட் என்ற எல்லை. நகரம் பெருகி வீட்டு எண்கள் நீண்டால் பழைய படிவத்தின் கட்டங்கள் போதா அன்றோ? அதுபோலவே கணிப்பொறிகள் 64 இலக்க முறைக்கு மாறின.

மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. சில ஆண்டுகள் இரு முறைகளும் சேர்ந்தே ஓடின. பின்னர் 2017-இல் ஐபோனுக்கான ஐஓஎஸ் 11 பதிப்பும், 2019 அக்டோபரில் மேக் கணிப்பொறிக்கான கேட்டலீனா பதிப்பும் 32 இலக்க நிரல்களை ஏற்க மறுத்தன. பழைய இசை மென்பொருள்களும் பிளக்-இன்களும் உலகெங்கும் ஒருசேர ஊமையாயின. விண்டோஸின் 64 இலக்கப் பதிப்பு 32 இலக்க மென்பொருளை இன்றும் ஓட்டும். ஆனால் 32 இலக்க டிரைவரை ஏற்காது. 64 இலக்க மென்பொருள் ஒன்று 32 இலக்கப் பிளக்-இன்னை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளவும் முடியாது.

இன்னொரு காரணம் மிக எளியது. 2018-இல் வந்த மேக் மொஜாவி பதிப்பு முதல், மைக்ரோஃபோனைப் பயன்படுத்த ஒவ்வொரு மென்பொருளும் நம் அனுமதியைப் பெறவேண்டும். விண்டோஸிலும் இத்தகைய அனுமதி உண்டு. அது இல்லையேல் கருவிகள் யாவும் நன்றாக இருந்தும் வெறும் மௌனமே பதிவாகும்.

சுருதி ஏறிய விந்தை

சில வேளை ஒலி வரும். ஆனால் சுருதி மாறியிருக்கும். ஒலியை எண்ணாக்கும்போது ஒரு நொடியில் பல்லாயிரம் முறை அதை அளக்கிறார்கள். இசைத் தட்டுக்கு 44,100 முறை. திரைப்படத்திற்கும் வீடியோவுக்கும் பெரும்பாலும் 48,000 முறை. புதுப்பித்தலுக்குப் பின் ஒலிக்கருவி 48,000-க்கு மாறியிருக்க, மென்பொருள் 44,100 என்றே எண்ணிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஒரு நொடிக்குரிய எண்கள் ஒரு நொடிக்குள்ளாகவே தீர்ந்துவிடும். தாளம் விரையும், சுருதி ஏறும்.

எவ்வளவு ஏறும்? 48,000-ஐ 44,100-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.088. ஒரு கட்டைச் சுருதியின் ஆதார சட்ஜம் நொடிக்குச் சுமார் 262 அதிர்வுகள். அது 285 ஆகிவிடும். ஒன்றரைக் கட்டை 277. இரண்டு கட்டை 294. ஆகவே நம் தம்புரா இரண்டிலும் சேராமல் இடையில் நிற்கும்! இருபுறமும் ஒரே எண்ணைத் தேர்ந்தெடுத்தால் சுருதி சேர்ந்துவிடும்.

ஒலி வந்தும் படபடவென்று வெட்டுண்டால் கிடங்கைப் பார்க்கவேண்டும். அனல்மின் நிலையத்துப் பங்கரைப் போல, எண்களைச் சற்றுத் தேக்கிவைக்கும் பஃபர் என்னும் கிடங்கு இங்கும் உண்டு. அது சிறிதானால் விரைவில் காலியாகி ஒலி அறுபடும். பெரிதானால் ஒலி தாமதிக்கும். 1,024 எண்கள் கொள்ளும் கிடங்கு 23 மில்லிநொடித் தாமதத்தைத் தரும். மிருதங்கக்காரர் எட்டு மீட்டர் தள்ளி அமர்ந்து வாசிப்பது போன்றது இது. எனவே பாடிப் பதியும்போது சிறிய கிடங்கும், பதிந்ததைக் கேட்கும்போது பெரிய கிடங்கும் ஏற்றவை.

குறை காணும் வழி

பாதையை நடுவில் சோதியுங்கள். சாதாரண ஒலிக்கோப்பு ஒன்றைக் கணிப்பொறியுடன் வந்த எளிய மென்பொருளில் ஓடவிடுங்கள். ஒலி கேட்டால் ஒலிபெருக்கியும் கம்பியும் டிரைவரும் நலமாகவே உள்ளன. குறை இசை மென்பொருளின் பக்கம். கேட்காவிட்டால் குறை மறுபக்கம். ஒரே சோதனையில் பாதிப் பாதை விலகிவிட்டது. இப்படிப் பாதி பாதியாக விலக்கினால் எட்டுக் கண்ணிகளில் பழுதானதை மூன்றே சோதனையில் பிடிக்கலாம். பதினாறில் நான்கு போதும்.

பிளக்-இன்களுக்கும் இதுவே வழி. எல்லாவற்றையும் வேறிடத்திற்கு மாற்றிவிட்டு மென்பொருளைத் திறவுங்கள். திறந்தால் பாதியைத் திரும்ப வையுங்கள், மீண்டும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்யவேண்டும் என்பதை மறக்கலாகாது. பலவற்றை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமற் போகும். விண்டோஸில் பெரிய பதிப்பு மாற்றம் நிகழ்ந்திருந்தால், வழக்கமாகப் பத்து நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்ப வழி உண்டு.

நம் மாணவிக்கு வருவோம். அவள் திறக்க முயன்றது பாடக் கோப்பு. பெரும்பாலான மென்பொருள்களில் அது ஒரு குறிப்பேடு மட்டுமே. எந்தப் பதிவு எங்கே தொடங்கவேண்டும் என்ற விவரம் அதில் இருக்கும். குரலோ அருகிலுள்ள அடைவில் தனி ஒலிக்கோப்புகளாக இருக்கிறது. ஆகவே அவசரப்பட்டு எதையும் அழித்துவிடாதிருப்பதே முதல் கடமை. அக்கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்த பிறகே பழுதுபார்க்கத் தொடங்கவேண்டும்.

1991-இல் வெளிவந்த வேவ் என்ற ஒலிக்கோப்பு முறையையும், 1983-இல் பிறந்த மிடி என்ற இசைக்குறிப்பு முறையையும் இன்றைய கணிப்பொறிகளும் படிக்கின்றன. அவற்றின் இலக்கணம் யாவரும் அறிய வெளியிடப்பட்டதே காரணம். எனவே புதுப்பிக்கும் முன்னர் நம் மென்பொருளும் டிரைவரும் புதிய பதிப்புக்கு ஏற்றவையா என்று விசாரித்தறிவோம். அருமையான பதிவுகளை வேவ் கோப்புகளாக இரண்டு இடங்களில் சேமிப்போம். மென்பொருள் போனால் வேறொன்று வாங்கலாம். ஆசிரியை அன்று பாடிய பாட்டை அவரே மீண்டும் அவ்வாறு பாடமுடியுமா?