குழந்தை 'கும்பிடு' போடுகிறதா? சும்மா இருக்காதீங்க!

எட்டயபுரம்:

காலை நேரம். தீப்பெட்டி ஆபீசுக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. தொட்டிலில் கிடந்த 6 மாதக் குழந்தை கண் விழிக்கிறது. விழித்ததும் தலை 'டக்'கென்று முன்னால் குனிகிறது. இரண்டு கையும் தூக்கிக்கொள்கிறது. ஓரிரு விநாடிதான். மறுபடியும் அதே மாதிரி. பத்து, இருபது தடவை!

"பாருடி, பேரன் சாமி கும்பிடுறான்!" என்று பாட்டி சிரிக்கிறாள். அம்மா வேனைப் பிடிக்க ஓடுகிறாள்.

கரிசல் காட்டில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது. ஆனால், அது கும்பிடு இல்லாமல் வலிப்பாக இருக்கலாம்!

நுரை தள்ளாத வலிப்பு

வலிப்பு என்றால் கை, கால் வெட்டும், வாயில் நுரை தள்ளும் என்றுதான் நமக்குத் தெரியும். கைக்குழந்தைக்கு வரும் இந்த வலிப்பு அப்படி இருக்காது. பெரும்பாலும் ஒரு வயதுக்குள், தூங்கி எழுந்ததும் வரும். 'வயித்து வலி', 'பயந்திருக்கு', 'உரம் விழுந்திருக்கு' என்று நாள் ஓடிவிடும். அதற்குள் சிரித்த குழந்தை சிரிப்பை மறக்கும். நின்ற தலை நிற்காது.

டாக்டர் பிள்ளைக்கே வந்தது!

இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்ற ஊரில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்று ஒரு டாக்டர். 1841-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயாளி யார் தெரியுமா? அவர் பெற்ற மகன்! நாலு மாதத்தில் தலை குனிய ஆரம்பித்த பிள்ளை. அட்டை விட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். பேதிக்குக் கொடுத்தார். அபின் மருந்தும் கொடுத்தார். பலன் இல்லை. பிள்ளையின் வளர்ச்சி நின்றது. லண்டன் டாக்டர் ஒருவர் இதற்கு வைத்த பெயர், 'சலாம்' வலிப்பு! அங்கே சலாம், இங்கே கும்பிடு. இன்று இதற்கு அந்த அப்பாவின் பெயர்தான்: 'வெஸ்ட் சிண்ட்ரோம்'.

இன்று மருந்து இருக்கு

வெஸ்டுக்கு மருந்து கிடைக்கவில்லை. நமக்குக் கிடைக்கும். மூளை மின் அலையைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. சோதனையில் கண்டுபிடிக்கலாம். ஏ.சி.டி.எச். ஊசி, ஸ்டீராய்டு, விகாபாட்ரின் மாத்திரை எல்லாம் உண்டு. எல்லாக் குழந்தையும் பூரண குணம் அடையும் என்று சொல்ல முடியாது. ஆனால், தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம் குழந்தைக்குத்தான்.

குழந்தை குனியும்போது செல்போனில் படம் எடுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரி பஸ்சில் போய் வரும் தூரம்தான். அடுத்து தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.

சாவிக்கொத்து வேண்டாம்

பெரிய குழந்தைக்குக் கை, கால் வெட்டி வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடி ஓடாதீர்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது! ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-க்குப் போன் போடுங்கள். வலிப்பு நின்றுவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. கிணறு, கண்மாய், அடுப்புப் பக்கம் தனியே விடக் கூடாது.

உட்கார, நடக்க, பேசத் தாமதமானால் பயிற்சி உண்டு. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இந்த வேலையைச் செய்கிறது. 'பெத்தவ ராசி அப்படி' என்று தாயைக் குறை சொல்வதால் ஒரு பிள்ளையும் நடந்ததில்லை!

நாளைக்கும் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வரும். ஒரு நாள் கூலி போனால் போகட்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டி பஸ்சில் ஏறுங்கள்!