பிரகடனம் செய்யாத போரில் துரோகி யார்?

1972 ஜூலை. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். வட வியட்நாமின் தலைநகர் ஹனாயில் ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கியின் இருக்கையில் ஹாலிவுட் நடிகை ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தலையில் இரும்புத் தொப்பி, முகமெல்லாம் சிரிப்பு. மூன்று மாதம் முன்புதான் ‘க்ளூட்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியிருந்த ஜேன் ஃபோண்டா. அந்தப் பீரங்கி சுடக் காத்திருந்தது அவருடைய நாட்டு விமானங்களை.

படத்தோடு நிற்கவில்லை. ஹனாய் வானொலியில் பலமுறை பேசினார். குண்டு போடாதீர்கள் என்று அமெரிக்க விமானிகளைக் கேட்டுக்கொண்டார். சிறைப்பட்ட விமானிகள் ஏழு பேரைச் சந்தித்தார். கைதிகளின் கடிதங்களையும் ஊருக்குக் கொண்டுவந்தார். பாரிஸ் அமைதிப் பேச்சுவார்த்தையில் அந்தக் கைதிகளின் விடுதலை பெரிய சிக்கலாக இருந்த நேரம் அது.

வாஷிங்டன் கொதித்தது. ‘தேசத்துரோக வழக்குப் போடு’ என்றார்கள். பிரதிநிதிகள் சபையின் உள்நாட்டுப் பாதுகாப்புக் குழு, நீதித்துறையிடம் விளக்கம் கேட்டது.

வழக்கு அவ்வளவு எளிதல்ல. அமெரிக்க அரசியல் சாசனமே வரையறுத்துச் சொல்லும் ஒரே குற்றம் துரோகம். ஒரே செயலை நேரில் கண்ட இரண்டு சாட்சிகள் வேண்டும். இல்லையென்றால் குற்றம் சாட்டப்பட்டவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹனாய் வானொலி ஊழியர்களுக்குச் சம்மன் அனுப்பி வரவழைக்கவா முடியும்?

இதைவிடப் பெரிய முடிச்சு ஒன்று இருந்தது. ‘எதிரிக்கு உதவி’ என்கிறது சட்டம். வட வியட்நாம் மீது அமெரிக்க நாடாளுமன்றம் போர்ப் பிரகடனமே செய்யவில்லை. அப்படியானால் சட்டத்தின் கண்ணில் எதிரி யார்? வேடிக்கை என்னவென்றால், இதே ஓட்டையைத்தான் ஹனாயும் பிடித்துக்கொண்டது. பிரகடனம் செய்யாத போரில் பிடிபட்டவர்கள் போர்க்கைதிகள் அல்ல, ‘வான் கொள்ளையர்கள்’ என்றது. பிரகடனம் இல்லாவிட்டாலும் ஜெனீவா ஒப்பந்தம் பொருந்தும். வட வியட்நாமும் அதில் இணைந்த நாடுதான். ஆனாலும் ஹோவா லோ சிறையில் விமானிகள் சித்திரவதைப்பட்டார்கள். என்னைக் கேட்டால், நடிகைக்குக் கவசமானதும் விமானிகளுக்கு வினையானதும் வாஷிங்டன் எழுதத் தயங்கிய அந்த ஒரே பிரகடனம்தான்.

பழைய அனுபவமும் கசப்பானது. ‘டோக்கியோ ரோஸ்’ என்று தூற்றப்பட்ட ஈவா டொகூரிக்கு, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வானொலியில் பேசியதற்காக 1949இல் துரோகத் தண்டனை விழுந்தது. முக்கியச் சாட்சிகள் பொய் சொன்னதாகப் பின்னால் தாங்களே ஒப்புக்கொள்ள, 1977இல் ஜனாதிபதி ஃபோர்டு அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அதே கோடையில் முன்னாள் அட்டர்னி ஜெனரல் ராம்ஸே கிளார்க்கும் ஹனாய் போய் வந்தார். நடிகையை மட்டும் கூண்டில் ஏற்றினால் ஊர் சிரிக்காதா?

நீதித்துறை வழக்குப் போடவில்லை. அது சரியான முடிவு. ஃபோண்டா செய்தது சரி என்பதால் அல்ல. 1973இல் பாரிஸ் ஒப்பந்தத்துக்குப் பின் 591 கைதிகள் திரும்பிவந்து சித்திரவதையைச் சொன்னபோது, அவர்களைப் பொய்யர்கள் என்றார் அவர். அதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. பீரங்கிப் படத்துக்காக 1988இல் தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டார்.

ஊர் விடவில்லை. கைதிகள் ரகசியமாகக் கொடுத்த துண்டுச் சீட்டுகளைச் சிறை அதிகாரியிடம் அவர் காட்டிக்கொடுத்தார், அதனால் கைதிகள் செத்தார்கள் என்று 1990களின் கடைசியில் மின்னஞ்சலில் ஒரு கதை பரவியது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தவர்கள், அந்தக் கதையில் பெயர் சொல்லப்பட்ட முன்னாள் கைதிகளேதான்.