ஊர் வைத்தியசாலையைத் தாண்டிப் போகுமுன்

படுவான்கரையிலிருந்து ஒரு நோயாளியை வாவி கடந்து எழுவான்கரைக்குக் கொண்டுவருவது ஒருகாலத்தில் இலகுவான விடயமல்ல. மண்முனைத் துறையில் பாதை வரும்வரை காத்திருக்க வேண்டும். யுத்த காலத்தில் அதோடு சோதனைச்சாவடியும் சேர்ந்துகொள்ளும். இரவில் பிரசவ வலி வந்தால் விடியும்வரை பொறுத்திருந்த குடும்பங்களின் கதைகள் அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்லப்படுகின்றன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதோடு அந்தத் தூரம் சுருங்கிவிட்டது.

பாலம் வந்த பிறகு வேறொரு கேள்வி எழுகிறது. மகிழடித்தீவில் பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. ஆனாலும் சாதாரண காய்ச்சலுக்கும் "பெரியாஸ்பத்திரிக்கே போவம், அங்கதான் நல்லாப் பாப்பாங்க" என்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, மாலையில் தனியார் கிளினிக்குக்கோ போகிறவர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் எந்த அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கும் யாரும் நேரே போகலாம் என்பதால் தடையும் இல்லை. ஆனால் ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் இழந்து போகுமுன் ஒன்றை யோசிக்க வேண்டும். "நல்லாப் பார்ப்பது" என்றால் என்ன?

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்று 1966இல் அவெடிஸ் டொனபீடியன் என்ற அறிஞர் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறைக்கு அடிப்படை. மூன்று விடயங்களைப் பார்க்கச் சொன்னார் அவர்: கட்டிடம், ஆளணி, கருவிகள் ஆகிய வசதிகள், நோயாளிக்கு உண்மையில் என்ன செய்யப்படுகிறது என்பது, கடைசியில் கிடைக்கும் பலன்.

நாம் பெரும்பாலும் முதலாவதை வைத்தே முடிவெடுக்கிறோம். மூன்றாவது தெரியவர வருடங்கள் ஆகும். இரண்டாவதை, அதாவது நம்பர் எடுத்ததிலிருந்து மருந்துப் பையோடு வெளியே வரும்வரை நடப்பதை, நாமே கவனிக்கலாம். அதற்குப் படிப்பு தேவையில்லை.

முதலில், வருத்தத்தைச் சொல்லி முடிக்க விட்டார்களா, உடலைத் தொட்டுப் பரிசோதித்தார்களா என்று பாருங்கள். அடுத்தது பிறசர். ஐந்து நிமிடமாவது அமைதியாக இருக்கவைத்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். ஓடிவந்து வரிசையில் நின்றவருக்கு நின்ற நிலையிலேயே அளந்தால் அந்தக் கணக்கை நம்ப முடியாது.

மூன்றாவது, கிளினிக் கொப்பி. போன தடவை எழுதியதைப் பார்த்துவிட்டு இந்தத் தடவை மருந்து தருகிறார்களா? சீனி வருத்தம் உள்ளவருக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது கால், கண், சிறுநீரகம் பார்க்கப்பட வேண்டும். வாவியில் வெறுங்காலோடு இறங்கி மீனும் இறாலும் பிடிப்பவருக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினை. சீனியால் நரம்பு மரத்த காலில் சிப்பி வெட்டினால் வலி தெரியாது. புண் முற்றி விரலையோ காலையோ எடுக்கும் நிலை வரை போகலாம். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கும் ஒரு தாதி, பெரிய ஸ்கான் இயந்திரத்தைவிட அவருக்குப் பெறுமதியானவர்.

நான்காவது, மொழி. எந்த மருந்து, எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது தமிழில் விளங்கும்படி சொல்லப்பட வேண்டும். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருக்க வேண்டும். நோயாளி தலையாட்டிவிட்டு வருவது விளக்கம் ஆகாது.

ஐந்தாவது நம்மைப் போன்ற சமூகத்துக்கே உரியது. உடலில் குண்டுச் சிதறல் உள்ளவர்கள் எங்கள் மத்தியில் இன்னும் இருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் வலிமையான காந்தத்தால் இயங்குவது; உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் ஆபத்து நேரலாம். இது கொப்பியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாவிட்டால் நாமே சொல்லி எழுதுவிக்க வேண்டும். அதேபோல நித்திரையின்மை, காரணம் தெரியாத உடம்பு நோவு, காணாமல் போன பிள்ளையின் நினைவு ஆகியவற்றை மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கும்போது யாரும் சொல்லமாட்டார்கள். தனியாகப் பேச ஒரு திரைமறைவாவது இருக்கிறதா என்பதும் தரத்தின் அளவுகோல்தான்.

தரம் என்று நாம் பிழையாக நினைப்பவையும் உண்டு. ஊசி போட்டால்தான் நல்ல டொக்டர் என்பது அதில் ஒன்று. சாதாரண தடிமனுக்கு அன்ரிபயோட்டிக் தர மறுத்து, ஏன் என்று விளக்குபவர், கேட்டதையெல்லாம் எழுதித் தருபவரைவிட நல்ல வைத்தியர்.

குறைகள் எல்லாவற்றுக்கும் வைத்தியரே காரணமல்ல. நான்கு மணித்தியாலத்தில் நூறு பேரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒருவருக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. ஊரில் பார்க்கக்கூடிய வருத்தத்துக்கும் எல்லோரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் அங்கே அந்த நேரம் இன்னும் குறையும். ஊர் வைத்தியசாலைக்கு ஆள் வராததே அதற்கு ஆளணி தராமலிருக்கக் காரணமாகிவிடும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒருபக்கம் இழுத்தல் போன்ற அவசரம் என்றால் கதை வேறு. அப்போது தாமதிக்காமல் 1990 இலவச அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பிரதேச வைத்தியசாலைகள் மாகாண சுகாதாரத் துறையின் கீழும், போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழும் இருக்கின்றன. முறையிடும்போது இந்த வேறுபாடு முக்கியம். வைத்தியர் வெற்றிடம் எத்தனை, எந்த மருந்து எவ்வளவு நாள் இல்லாமலிருந்தது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். கோரிக்கை மீது 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்க வேண்டும். தனிநபர் ஒருவரை ஏசுவதைவிட, கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று இப்படிக் கேட்டு வாங்கும் ஒரு கடிதத்துக்குக் கனம் அதிகம்.

அடுத்த தடவை ஊர் வைத்தியசாலைக்குப் போகும்போது இந்த ஐந்தையும் கவனித்துப் பாருங்கள். சரியாக நடந்தால் பாலம் கடக்கும் செலவு மிச்சம். நடக்காவிட்டால், எது நடக்கவில்லை என்று சொல்லிக் கேட்க உங்களிடம் விபரம் இருக்கும்.