பாதியில் கரண்ட் போனா என்ன ஆகும்? பழைய லேப்டாப்பை டெர்மினலில் அப்கிரேட் பண்ணும் முறை

போன வாரம் கைலாசபுரத்துல, எங்க வீட்டு ஹால்ல நடந்த ஒரு சின்ன திகில் கதையோட ஆரம்பிக்கலாம். திருச்சிக்காரங்களுக்கு கைலாசபுரம்னா பெல் டவுன்ஷிப். அப்பா அங்க பாய்லர் பிளான்ட்ல வெல்டரா இருந்து ரிட்டயர் ஆனவர்.

கதையோட ஹீரோ, அக்கா ப்ளஸ் டூ படிச்சப்போ கிடைச்ச அரசு லேப்டாப். தமிழ்நாட்டுல விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. அப்போ வந்த நிறைய லேப்டாப்ல ரெண்டு ஓஎஸ் இருக்கும்: ஒண்ணு விண்டோஸ் 7, இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். பாஸ் லினக்ஸ் சி-டாக் உருவாக்கினது, அதுக்கு அடித்தளம் டெபியன். நம்மள்ல பாதிப் பேர் அந்தப் பக்கமே போகாம விண்டோஸையே திறந்தோம். ஆனா விண்டோஸ் 7-க்கு பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஓட நின்னு போச்சு. அதனால அந்த லேப்டாப்ல நான் டெபியனைப் போட்டுட்டேன். போன வாரம் பண்ணது டெபியன் 12-ல இருந்து 13-க்கு மாத்தற வேலை. டெபியன் 13, 2025 ஆகஸ்ட் 9-ல வெளியாச்சு.

முழு ஓஎஸ்ஸையும் மாத்தறதுக்கு சிடி, பென் டிரைவ் எதுவும் தேவையில்லை. ஏபிடி-ன்னு ஒரு கமாண்ட் லைன் டூல் போதும். அதுல ரெண்டு வார்த்தையை எல்லாரும் குழப்பிக்குவாங்க: அப்டேட், அப்கிரேட். காந்தி மார்க்கெட்டை நினைச்சுக்கோங்க. இன்னைக்கு என்ன காய் வந்திருக்கு, என்ன விலைன்னு விசாரிச்சுட்டு வர்றது அப்டேட். கூடையில வாங்கிப் போட்டுட்டு வீட்டுக்கு வர்றது அப்கிரேட். விசாரிக்காம வாங்கப் போனா, நேத்து நிலவரத்தை நம்பி நிப்பீங்க. அதனால எப்பவும் அப்டேட்தான் முதல்ல.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாருங்க.

முதல்ல, பேக்கப். ரெண்டாவது, மெஷின் 64 பிட்டான்னு பாக்கணும். டெர்மினல்ல 'யுநேம்' அடிச்சு, இடம் விட்டு 'மைனஸ் எம்' போடுங்க. பதில்ல 64 வந்தா சரி. 32 பிட் சிஸ்டம்னா 13-க்குப் போகாதீங்க, டெபியனே அப்படித்தான் சொல்லுது. மூணாவது, டிஸ்க்ல காலி இடம். 'டிஎஃப் மைனஸ் ஹெச்' அதைக் காட்டும். நாலாவது, தாவக் கூடாது. 11-ல இருக்கறவங்க 12-க்குப் போய், அதுக்கப்புறம்தான் 13-க்கு வரணும்.

இப்போ வேலை. 'சூடோ ஏபிடி அப்டேட்', அடுத்து 'சூடோ ஏபிடி அப்கிரேட்'. இருக்கற 12-ஐ முழுசா நடப்புக்குக் கொண்டு வர்றோம். சூடோன்னா அட்மின் அனுமதியோட செய்னு அர்த்தம். அடுத்து சோர்சஸ் லிஸ்ட் ஃபைலைத் திறக்கணும். எந்தக் கடையில வாங்கணும்ங்கற முகவரி அதுலதான் இருக்கு. 12-ஓட பேர் 'புக்வோர்ம்', 13-ஓட பேர் 'ட்ரிக்ஸி'. ரெண்டுமே டாய் ஸ்டோரி படத்துல வர்ற பொம்மைங்க! புக்வோர்ம்னு இருக்கற எல்லா இடத்துலயும் ட்ரிக்ஸின்னு மாத்துங்க. வெளியாட்கள் கடை ஏதாவது சேர்த்திருந்தா, தற்காலிகமா மூடி வைங்க.

மறுபடி அப்டேட். அப்புறம் அப்கிரேடை 'வித்அவுட் நியூ பிகேஜிஎஸ்' ஆப்ஷனோட ஓட்டுங்க. ஏற்கெனவே இருக்கறதுல, புதுசா எதையும் சேர்க்காம, எதையும் நீக்காம மாத்த முடிஞ்சதை மட்டும் அது மாத்தும். கடைசியாதான் 'ஃபுல் அப்கிரேட்'. தேவைப்பட்டா பழைய பேக்கேஜைத் தூக்கிட்டு புதுசை வைக்கும். எதை நீக்கப் போகுதுன்னு ஒரு பட்டியல் காட்டிட்டுத்தான் கேட்கும். அதைப் படிக்காம 'ஒய்' அடிக்காதீங்க. நடுவுல, நீங்க மாத்தி வச்ச செட்டிங் ஃபைலை என்ன பண்ணட்டும்னும் கேட்கும். சும்மா என்டர் தட்டினா உங்களோடது அப்படியே இருக்கும்.

இங்கதான் திகில். ஃபுல் அப்கிரேட் பாதி ஓடிட்டு இருக்கு, கரண்ட் போச்சு. லேப்டாப் பேட்டரி செத்து பல வருஷம் ஆச்சு. ஸ்க்ரீன் கருப்பு.

அப்பா கேட்டார்: "என் ரிட்டயர்மென்ட் ஃபோட்டோ எல்லாம் அதுலதானடா இருக்கு?"

"ஆமாப்பா."

"வேற எங்கயும் இல்லையா?"

எனக்குப் பேச்சே வரல. பேக்கப்னு ஊருக்கெல்லாம் சொல்ற நான், அன்னைக்கு எடுக்கல.

கரண்ட் வந்ததும் ஆன் பண்ணா, டெஸ்க்டாப் வரல. வெறும் லாகின் எழுத்து மட்டும். ஆனா அதுவே நல்ல செய்தி. ஏபிடிக்குக் கீழ வேலை செய்யறது டிபிகேஜி-ன்னு இன்னொரு டூல். எந்தப் பேக்கேஜைப் பிரிச்சாச்சு, எதைப் பொருத்தி முடிக்கலன்னு ஒவ்வொண்ணா ஒரு பதிவேட்டுல எழுதி வச்சிருக்கும். அதனால விட்ட இடம் அதுக்குத் தெரியும். 'சூடோ டிபிகேஜி', இடம் விட்டு ரெண்டு மைனஸ் போட்டு 'கான்ஃபிகர்', அப்புறம் 'மைனஸ் ஏ'. தொங்கிட்டு இருந்ததெல்லாம் வரிசையா முடிஞ்சது. அடுத்து 'சூடோ ஏபிடி ஃபிக்ஸ் ப்ரோக்கன் இன்ஸ்டால்', அதுலயும் ஃபிக்ஸுக்கு முன்னாடி ரெண்டு மைனஸ். திரும்ப ஃபுல் அப்கிரேட். இறக்கின ஃபைல் டிஸ்க்லயே இருந்ததால மிச்சத்தை மட்டும்தான் இறக்குச்சு. ரீபூட் பண்ணேன், டெபியன் 13 வந்துடுச்சு. புது கெர்னல் கிளம்பாம போயிருந்தாலும், பூட் மெனுவுல பழையது காத்துட்டு இருக்கும். அதனால எல்லாம் ஒழுங்கா ஓடுதுன்னு தெரிஞ்சப்புறம்தான் 'ஆட்டோரிமூவ்' போட்டு மிச்சசொச்சத்தைக் கூட்டித் தள்ளணும்.

ஃபோட்டோக்கள்? பத்திரமா இருந்துச்சு. அப்கிரேட் மாத்தறது சிஸ்டம் ஃபைல்களை. நம்ம ஹோம் ஃபோல்டரை அது தொடாது. ஆனா ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போனா டிஸ்க்கே கெட்டுப் போக வாய்ப்பு உண்டு. அதுக்கு எந்தக் கமாண்டும் கிடையாது.

அவசரப்படவும் வேண்டாம். டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரைக்கும் இருக்கு. உங்க வீட்டு பீரோ மேலயும் ஒரு அரசு லேப்டாப் தூசி படிஞ்சு கிடக்கும். இந்த ஞாயித்துக்கிழமை அதை எடுங்க. முதல்ல ஒரு பென் டிரைவ்ல ஃபோட்டோவை காப்பி பண்ணுங்க. பேட்டரி நிக்கலன்னா யுபிஎஸ் இருக்கற பிளக்ல போடுங்க. அப்புறமா டெர்மினலைத் திறங்க.

எங்க வீட்டுல இப்போ அந்த ஃபோட்டோ மூணு இடத்துல இருக்கு. மூணாவது, அப்பாவே கடையில வாங்கிட்டு வந்த பென் டிரைவ். அதை என்கிட்ட தர மாட்டேங்கறார்.