அறுகு அடர்ந்த தரை

கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில், கோடை இடிமழையிலும் புரட்டாசி, ஐப்பசி மழையிலும் செம்மண் நனையும் ஓசூர்ப் பிரதேசம் புல்லுக்கு உகந்த பூமி என்பதற்கு, கிழக்கிந்தியக் கும்பினியார் தங்கள் படைக்குக் குதிரை வளர்க்கவென்று 1824-ல் தொடங்கி இன்றும் கால்நடைப் பண்ணையாக நடந்துவரும் மத்திகிரிப் பண்ணையே சாட்சி. அதே பூமியில், சிப்காட் ஆலைகளின் மதிலோரத்திலும், பிளாட் போட்டு வீடு எழும்பாத மனைகளிலும் பார்த்தீனியம் வெள்ளைப் பூவோடு இடுப்பளவு நிற்கிறதென்றால், குற்றம் மண்ணினுடையதன்று. மேல்மண்ணைச் சுரண்டி வெறுந்தரையாக விட்டுவைத்த நம்முடையது.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1955-ஐ ஒட்டிப் புனேயில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட இச்செடி, ஒன்றே பதினாயிரம் விதைக்கு மேல் உதிர்க்க வல்லது. இதை அழிக்க மெக்ஸிகோ நாட்டு வண்டு ஒன்றை 1984-ல் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் இலைகளை மொட்டையடிக்கும் அவ்வண்டு வறட்சியில் மண்ணுக்குள் உறங்கிவிடுமாதலால், கோடையிலும் நீர் பாய்ச்சும் தோட்டக்காரர் அதன் சகாயத்தை நம்பியிருப்பதற்கில்லை.

நம்பத்தக்கது அறுகு. அநேகக் களைகளின் விதைகள் வெளிச்சம் பட்டால்தான் கண் விழிக்கும் சுபாவமுள்ளவை. அடர்ந்த புல் அந்த வெளிச்சத்தை மறைப்பதே மருந்தில்லா மருந்து. ஆகவே புல்லை மழுங்கச் சிரைத்து அழகு பார்க்கும் வழக்கத்தை விட்டு, இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் நிறுத்தி, ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிக்காதிருக்க வேண்டும். தினந்தோறும் பூவாளியால் தெளிப்பது மேல்மண்ணை ஈரமாக்கிக் இளங்களைகளை வளர்க்கும் உபகாரமேயன்றி வேறல்ல. நாலைந்து அங்குல ஆழம் நனையப் பாய்ச்சிவிட்டு, மிதித்த காலடி நிமிராமல் பதிந்து நிற்கும்வரை காத்திருந்து மறுபடி பாய்ச்சினால், வேர் கீழே இறங்கும். மரநிழலில் அறுகு செழிக்காது. அங்கே வேறு செடி வைப்பதே புத்தி.

கோரையின் விஷயம் வேறு. நிலத்தடியில் சங்கிலிபோல் கோத்துக் கிடக்கும் அதன் கிழங்குகளுள் ஒன்றைப் பிடுங்கினால், சங்கிலி அறுந்து, உறங்கிய மற்றவை முளைவிடுகின்றன. அது பெரும்பாலும் நாமே விலை கொடுத்து ஏற்றிவரும் ஏரி வண்டலோடு வருகிறது. எருவோ சரியாக மக்காவிட்டால் பல களைகளின் விதையைச் சுமந்துவருகிறது. மண்ணடிக்குமுன் கிழங்கு இருக்கிறதா என்று சலித்துப் பார்ப்பவர் அபூர்வம். அந்த அரைநாள் வேலை பல வருஷத்துப் பிரயாசையை மிச்சப்படுத்தும் என்பது என் அபிப்பிராயம்.

முளைத்துவிட்ட பார்த்தீனியம் இளமையில் இலைகளைத் தரையோடு பரப்பிப் படுப்பதால், வெட்டும் இயந்திரத்துக்குத் தப்பிவிடும். கையால் வேரோடு எடுப்பதே உபாயம். தொட்டால் சிலருக்குத் தோலில் புண் எழுமாகையால் கையுறை அவசியம். பிடுங்கிய குழியில் அன்றே ஓர் அறுகந்துண்டை ஊன்றிவிட வேண்டும். ஆலை நிர்வாகிகளுக்கும் மனைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மே மாத மழைக்குமுன், பூ வைக்காத செடிகளாகப் பார்த்து, மதிலுக்கு உள்ளே மட்டுமன்றி வெளியேயும் பிடுங்கச் செய்யுங்கள்.